ஆறு மாதத் தாமதம்

1976-இல் ஸைலாக் நிறுவனம் வெளியிட்ட இசட்80 நுண்செயலிக்குள் ஆறு பொறிகள் இருந்தன. இன்டெல்லில் 8080-ஐ வடிவமைத்துவிட்டு ஸைலாக்குக்கு வந்த ஜப்பானியப் பொறியாளர் மசதோஷி ஷிமா வைத்தவை அவை. அன்று ஒரு சிப்பை நகலெடுக்க நினைத்தவர்கள் மேலுறையை அமிலத்தில் கரைப்பார்கள். உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டை நுண்ணோக்கியில் படம் பிடித்து, பெரிதாக்கி, ஒவ்வொரு டிரான்சிஸ்டராகத் தடம் பார்த்து வரைவார்கள். இசட்80-இல் இருந்தவை சுமார் 8,500 டிரான்சிஸ்டர்கள்தான். பொறுமை இருந்தால் முடிகிற வேலை. ஷிமா அந்தப் பொறுமையின் மீதே கைவைத்தார். மின்னழுத்தம் கொடுத்தால் மட்டும் மின்னோட்டத்தை விடுகிற டிரான்சிஸ்டர் ஒரு வகை. கொடுக்காவிட்டாலும் திறந்தே கிடப்பது இன்னொரு வகை. கேட் முனைக்கு அடியில் சிலிக்கானுக்குள் செலுத்தப்பட்ட அயனிகள்தான் இரண்டையும் வேறுபடுத்துகின்றன. வடிவம் ஒன்றேதான் என்பதால் நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அப்படித் தோற்றத்தில் ஒன்றாகவும் குணத்தில் வேறாகவும் இருந்த டிரான்சிஸ்டர்களை ஆறு இடங்களில் அவர் பொதித்து வைத்தார். கண்ணால் கண்டதை அப்படியே வரைந்தவருடைய சிப் ஓடாது. எங்கே பிசகியது என்று படத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் இசட்80-க்கு நகல் செய்தபோது இந்தப் பொறிகள் அவர்களை ஆறு மாதம் இழுத்தடித்தன என்று பின்னாளில் ஸைலாக்காரர்களுக்குத் தெரியவந்தது.

ஆறு மாதம், அவ்வளவுதான். நகல் வரத்தான் செய்தது. மின்னணு வடிவமைப்பைப் போட்டியாளரிடமிருந்து காப்பது பற்றி யோசிக்கிற எவரும் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. கடையில் விலைக்குக் கிடைக்கிற ஒரு பொருளின் உட்கூறை என்றென்றைக்குமாக மறைத்துவைக்க வழி கிடையாது என்பதே இதுவரை நடந்தவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு. பொருள் வாங்கியவர் கையில் இருக்கிறது. பார்க்கக் கண்ணும் கருவியும் நேரமும் அவரிடம் இருக்கின்றன. நம்மால் முடிவது அவருடைய காலத்தையும் செலவையும் ஏற்றிவிடுவது மட்டும். அதனால் எந்தப் பூட்டைப் பற்றியும், அது எத்தனை மாதம் வாங்கித் தரும், அந்த மாதங்களுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். உடையுமா உடையாதா என்ற கேள்விக்கு விடை எப்போதோ தெரிந்துவிட்டது.

சர்க்யூட் போர்டிலிருந்து தொடங்கலாம். இரண்டடுக்கு பி.சி.பி.யை நகலெடுக்க ஒரு மல்டிமீட்டரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பல அடுக்கு போர்டு என்றால் எக்ஸ்ரே எடுக்கலாம்; அல்லது உதிரிகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து அடுக்கிப் பார்க்கலாம். இதைத் தடுக்கச் சிறு தயாரிப்பாளர்கள் முதலில் நாடுவது ஐ.சி.யின் மேல் அச்சடித்த எண்ணைச் சுரண்டிவிடுவது. எட்டுக் கால் ஐ.சி. ஒன்று மின்வழங்கிக்கு எங்கே இணைந்திருக்கிறது, அதைச் சுற்றி என்ன ரெசிஸ்டர், என்ன கெப்பாசிட்டர் இருக்கின்றன என்று பார்த்தாலே அனுபவப்பட்டவர் அதன் பெயரைச் சொல்லிவிடுவார். சுரண்டுவதால் உண்மையில் அவதிப்படுபவர், ஐந்து ஆண்டு கழித்து அதே போர்டைப் பழுதுபார்க்க உட்காரும் மெக்கானிக்.

அடுத்த படி, போர்டின் மேல் எபாக்சியை ஊற்றி உறையவைப்பது. இதற்குக் கிட்டார் உலகில் ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பில் ஃபின்னகன் என்பவர் 1990-களின் நடுவில் 'க்ளான் சென்டார்' என்ற ஒலித்திரிபுப் பெடலைச் செய்து விற்கத் தொடங்கினார். உள்ளே இருந்த சர்க்யூட் முழுவதும் கறுப்பு எபாக்சிக் கட்டிக்குள் புதைந்திருந்தது. சில ஆயிரம் பெடல்கள்தான் செய்யப்பட்டன. மர்மம் கூடக் கூட விலையும் ஏறியது. 2000-களின் பிற்பகுதியில் பொழுதுபோக்காகச் சர்க்யூட் தேடுகிற சிலர் அந்தக் கட்டியை உடைத்துக் கிளறி, உதிரிகளின் மதிப்பை அளந்து, முழு வரைபடத்தையும் வெளியிட்டார்கள். அதன்பிறகு வந்த நகல்களுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் அசல் பெடலின் விலை விழவில்லை. இன்று பழைய பொருள் சந்தையில் அது ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. எபாக்சி காத்தது சர்க்யூட்டைத்தான் என்றால், அது உடைந்த அன்றே மதிப்பும் போயிருக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது பெரிய விஷயம் என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் மாதம் லட்சம் போர்டு விற்கிற பொருளாக அது இருந்திருந்தால் பத்து வாரம்கூடத் தாங்கியிருக்காது. எபாக்சியைக் கரைக்க ரசாயனங்கள் உண்டு, எக்ஸ்ரேக்கு எபாக்சி ஒரு தடையே இல்லை. சந்தை சிறியதாக இருந்ததால் முயல ஆளில்லை என்பதுதான் அந்தப் பத்தாண்டுக்குக் காரணம்.

இன்றைய பொருள்களில் மதிப்பின் பெரும்பகுதி போர்டில் இல்லை, மைக்ரோகண்ட்ரோலருக்குள் எழுதப்பட்ட ஃபர்ம்வேரில் இருக்கிறது. போர்டை அச்சாக நகலெடுத்தாலும் உள்ளிருக்கும் நிரல் இல்லாமல் அது வெறும் தகடு. எனவே சிப் தயாரிப்பாளர்கள் ஒரு பூட்டு பிட் வைக்கிறார்கள். அதை எழுதிவிட்டால், உள்ளிருக்கும் நிரலை வெளியிலிருந்து படிக்க முடியாது. இது எவ்வளவு உறுதியானது? மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக்18எஃப்1320 என்ற மைக்ரோகண்ட்ரோலரை 'பன்னி' என்று அறியப்படும் ஆண்ட்ரூ ஹுவாங் திறந்து பார்த்த கதை இதற்கு நல்ல பாடம். அந்தச் சிப்பில் நிரலும் பூட்டு பிட்டும் ஒரே வகை நினைவகத்தில், சிறைப்பட்ட எலக்ட்ரான்களாகவே இருந்தன. புறஊதா ஒளி பட்டால் அந்த எலக்ட்ரான்கள் தப்பிவிடும்; பிட் அழிந்துவிடும். பூட்டு பிட் மீது மட்டும் ஒளி பட்டு, நிரல் மீது படாவிட்டால் பூட்டு திறந்துகொள்ளும். இதை எதிர்பார்த்த தயாரிப்பாளர் பூட்டு பிட்டுகளின் தலைக்கு மேல் ஓர் உலோகக் கூரை போட்டிருந்தார். ஹுவாங் நிரல் இருக்கும் பகுதியின் மீது சாதாரண இன்சுலேஷன் டேப்பை நறுக்கி ஒட்டினார். சிப்பைச் சாய்த்துப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தார். சாய்வாக நுழைந்த ஒளி, கூரைக்கும் சிலிக்கான் தரைக்கும் இடையே எதிரொளித்து எதிரொளித்துப் பூட்டு பிட்டுகளைச் சென்றடைந்தது. நிரல் அப்படியே இருக்க, பூட்டு மட்டும் அழிந்தது. வைத்தவரும் திறமைசாலி, திறந்தவரும் திறமைசாலி. இருவருக்கும் ஆன செலவில்தான் வேறுபாடு: டேப் துண்டுக்கு என்ன விலை?

விலை உயர்ந்த சிப்களில் நிலைமை வேறு என்பார்கள். எஃப்.பி.ஜி.ஏ.யை எடுத்துக்கொள்வோம். இந்த வகைச் சிப்பின் உள்ளமைப்பைச் சொல்லும் கோப்பை, மின்சாரம் வந்தவுடன் வெளியே ஒரு நினைவகத்திலிருந்து ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பை வழியில் மறித்து எடுத்தால் முழு வடிவமைப்பும் கையில். அதனால் ஸைலிங்க்ஸ் போன்ற நிறுவனங்கள் கோப்பைக் குறியாக்கம் செய்து அனுப்பி, சாவியைச் சிப்புக்குள் வைத்தன. 2011-இல் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறியாக்கத்தை அவிழ்க்கும்போது விர்ட்டெக்ஸ்-2 சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களை அளந்தே சாவியைக் கண்டுபிடித்தார்கள். 2020-இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 'ஸ்டார்பிளீட்' என்ற இன்னொரு ஓட்டையை வெளியிட்டார்கள். இது இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் சாவியைத் தேடவே இல்லை. குறியாக்கிய கோப்பில் சில பிட்டுகளை மாற்றிச் சிப்பிடமே கொடுத்தார்கள். சிப் அதைத் தன் சாவியால் ஒழுங்காக அவிழ்த்து, மாற்றப்பட்ட கட்டளைப்படி 32 பிட் துண்டு ஒன்றைத் தன் பதிவேடு ஒன்றில் எழுதிவைத்தது. கோப்பு சரியில்லை என்று பிறகு கண்டுபிடித்துத் தன்னை மீள்தொடக்கமும் செய்துகொண்டது. ஆனால் அந்த ஒரு பதிவேடு மட்டும் மீள்தொடக்கத்தில் அழிவதில்லை. அதை வெளியிலிருந்து படிக்கலாம். இப்படியே 32 பிட் 32 பிட்டாக முழுக் கோப்பும் வெளிவந்தது. குறியாக்கக் கணிதத்தில் குறையே இல்லை. குறை சிலிக்கானில் இருந்தது. விற்றுப்போன சிப்பில் அதைத் திருத்தவும் முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவை எல்லாம் தவறிழைத்த வடிவமைப்புகள். பாதுகாப்புக்கென்றே செய்த சிப்கள் இன்று மிகவும் முன்னேறிவிட்டன என்பது அது. உண்மைதான். ஒரே அச்சில் வார்த்த இரண்டு சிப்களுக்கு இடையேகூட, கம்பிகளின் தாமதத்தில் மிக நுண்ணிய வேறுபாடுகள் இருக்கும். உற்பத்தியாளரே நினைத்தாலும் அவற்றைத் திரும்ப உருவாக்க முடியாது. இந்த வேறுபாட்டைக் கைரேகைபோல வாசித்து, தேவைப்படும்போது மட்டும் சாவியை உருவாக்கும் முறையை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2002-இல் முன்வைத்தார்கள். இன்று அது விற்பனைக்கு வரும் சிப்களிலேயே இருக்கிறது. மின்சாரம் நின்றிருக்கும்போது சாவி எங்கேயும் எழுதப்பட்டிருக்காது என்பதால், திறந்து பார்ப்பவருக்கு எதுவும் கிடைக்காது. இதை நான் மதிக்கிறேன். ஆனால் இதுவும் விலையை ஏற்றுகிற வேலைதான். 2010-இல் கிறிஸ்டோபர் டர்னோவ்ஸ்கி என்ற தனியொரு ஆய்வாளர், கணினிகளின் பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்ட சிப் ஒன்றை அமிலமும் நுண்ணூசிகளும் கொண்டு பல மாத உழைப்பில் திறந்து காட்டினார். பல மாதம் என்பது ஒரு வங்கி அட்டையைக் காக்கப் போதுமானதாக இருக்கலாம். நூறு கோடி ரூபாய்ச் சந்தை உள்ள ஒரு பொருளை நகலெடுக்க நினைக்கும் போட்டியாளருக்கு அது பெரிய முதலீடு இல்லை.

சட்டம் எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்கள், அது எதைக் காக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று சற்று நின்று பார்க்க வேண்டும். மாக்கி என்ற ஒலிக்கருவி நிறுவனம் தன் மிக்ஸரின் சர்க்யூட் நகலெடுக்கப்பட்டது என்று பெஹ்ரிங்கர் மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தது. 1999-இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: சர்க்யூட் வரைபடத்துக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் அந்தச் சர்க்யூட்டின்படி ஒரு பொருளைச் செய்வது அந்தப் பதிப்புரிமையை மீறுவதாகாது. காகிதத்துக்குக் காவல் உண்டு, போர்டுக்கு இல்லை. சிப்களின் தளவமைப்புக்கு மட்டும் தனிச் சட்டம் வந்தது: அமெரிக்காவில் 1984-இல், இந்தியாவில் 2000-இல். இரண்டிலும் பத்தாண்டுப் பாதுகாப்பு. (நம் காப்புரிமைச் சட்டம் சிப்பின் தளவமைப்பைக் காப்புரிமைக்கு உரியதல்ல என்று வெளிப்படையாகவே விலக்கிவைத்திருப்பதால், இந்தத் தனிச் சட்டத்தை விட்டால் தளவமைப்புக்கு வேறு புகலிடம் இல்லை.) அமெரிக்கச் சட்டத்தின் பலத்தைக் காட்டிய வழக்கு ப்ரூக்ட்ரீ - ஏ.எம்.டி. வழக்கு. ப்ரூக்ட்ரீயின் நிறக் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்றின் பெரும்பரப்பை நிறைத்திருந்தது, திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட பத்து டிரான்சிஸ்டர் நினைவகக் கலம் ஒன்று. அதை நகலெடுத்ததாகத் தீர்ப்பாகி, காப்புரிமை மீறலையும் சேர்த்து ஏ.எம்.டி. சுமார் 2.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. 1992-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஆனால் அதே சட்டம், ஒரு சிப்பைப் பிரித்து ஆராய்ந்து கற்றுக்கொள்வதையும், கற்றதைக் கொண்டு சொந்தமாக ஒரு தளவமைப்பை உருவாக்குவதையும் அனுமதிக்கிறது. கனடாவின் ஒட்டாவாவில் டெக்இன்சைட்ஸ் என்ற நிறுவனம் புதுச் சிப்களைப் பிரித்து ஆராய்ந்து அறிக்கை விற்பதையே தொழிலாகச் செய்கிறது, பட்டப்பகலில்.

காப்புரிமை உண்மையிலேயே வலுவான ஆயுதம். இருபது ஆண்டு நீடிக்கும். ஆனால் கண்டுபிடிப்பை முழுமையாக வெளியிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதோடு அது நாட்டுக்கு நாடு தனித்தனியாக வாங்க வேண்டியது, மீறினால் நாமே வழக்காட வேண்டியது. பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு கோவை நிறுவனம் ஷென்ஜெனில் வழக்கு நடத்துவதைக் கற்பனை செய்துபார்த்தால், அந்த ஆயுதம் யார் கையில் பயன்படும் என்பது விளங்கும்.

பூட்டு வலுவாக இருக்கும்போது திருட்டு சன்னல் வழியாக வரும் என்பதற்கும் சான்று உண்டு. 1985-இல் நிண்டெண்டோ தன் விளையாட்டுக் கருவியில் ஒரு காவல் சிப் வைத்தது; அதற்கு ஒத்த சிப் இல்லாத கேட்ரிஜ் ஓடாது. அட்டாரி கேம்ஸ் அந்தச் சிப்பின் அடுக்குகளை உரித்து நுண்ணோக்கியில் பார்த்தும் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. 1988-இல் அவர்களுடைய வழக்கறிஞர், வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் நிண்டெண்டோ ஒப்படைத்திருந்த நிரலின் நகலையே வாங்கிவிட்டார். நீதிமன்றம் பின்னர் அட்டாரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் சிலிக்கான் காத்த ரகசியத்தை அலுவலக மேசை விட்டுக்கொடுத்துவிட்டது என்ற உண்மை மாறவில்லை. இன்றைய தொழிலில் இதற்கு நிகரான இடம் ஒப்பந்த உற்பத்தியாளரின் தொழிற்சாலை. ஆயிரம் போர்டு செய்யச் சொன்னால் ஆயிரத்து இருநூறு செய்து, மீதியைப் பின்வாசலில் விற்பவருக்கு எதையும் பிரித்து ஆராய வேண்டிய தேவையே இல்லை. கோப்புகள் அனைத்தையும் நாமே மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். போர்டு செய்வதை ஓரிடத்திலும், ஃபர்ம்வேரையும் சாவியையும் ஏற்றுவதை நம் கண் முன்னேயும் வைத்துக்கொள்வது எபாக்சியைவிட மலிவானது, பலனும் அதிகம்.

பூட்டுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு எஃப்.டி.டி.ஐ. கதையைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தின் இந்த நிறுவனம் செய்யும் எஃப்டி232 என்ற யு.எஸ்.பி. சிப், உலகெங்கும் ஆயிரமாயிரம் கருவிகளில் இருக்கிறது. போலிகளும் ஏராளம். 2014-இல் ஒரு போலியைத் திறந்து படம் பிடித்தபோது, அது அசலின் தளவமைப்பைத் தழுவியதே இல்லை என்று தெரிந்தது. ஏதோ ஒரு பொதுவான மைக்ரோகண்ட்ரோலர்; அசலைப்போல நடந்துகொள்ள நிரல் எழுதியிருந்தார்கள். உள்ளே எத்தனை பொறி வைத்திருந்தாலும் இந்த நகலைத் தடுத்திருக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டது நடத்தையையும் பெயரையும் மட்டுமே. அதே ஆண்டு எஃப்.டி.டி.ஐ. வெளியிட்ட புதிய டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாகப் பயனர்களின் கணினிக்கு வந்து, போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைச் சுழியமாக்கியது. கருவி அதன்பின் கணினிக்குத் தெரியாது. போலி செய்தவர் எப்போதோ காசு வாங்கிப் போய்விட்டார். செத்துப்போனவை, தங்களுக்குள் போலி இருப்பதே தெரியாமல் மக்கள் வாங்கிய கருவிகள். எதிர்ப்பு வலுத்து அந்த டிரைவரைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது இறங்கிய தலை வேறு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு வடிவமைப்பாளர், "மூன்று ஆண்டு உழைப்பை மூன்று வாரத்தில் ஒருவன் கொண்டுபோவான், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டுமா?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு மரியாதை தர வேண்டும். கையைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கொண்டுபோகிறவன் எதைக் கொண்டுபோகிறான் என்று பார்க்கலாம். போர்டிலிருந்து அவனுக்குக் கிடைப்பது முடிவுகள் மட்டும். ஏன் அந்த ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம், ஏன் அந்தக் கெப்பாசிட்டர் மின்வழங்கியை ஒட்டி வைக்கப்பட்டது, எந்த வெப்பத்தில் எது பழுதாகும் என்பதெல்லாம் செய்தவரிடமே தங்கிவிடுகின்றன. செய்முறைக் குறிப்பு எடுத்துப்போனவருக்குக் கைப்பக்குவம் கூடவே வருவதில்லை. 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் கணினி மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. ஜப்பானிய நிறுவனமொன்றின் மின்பகுளிச் சூத்திரம் களவாடப்பட்டதும், அது அரைகுறையாகக் கைமாறியதுமே காரணம் என்று அப்போது செய்தி வந்தது. அந்தக் கதை முழுவதும் நிரூபணமாகவில்லை என்றாலும் வெடித்தது உண்மை. பழுதானவற்றை மாற்ற டெல் நிறுவனம் மட்டும் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது.

தாமதத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது. ஆறு மாதம் கிடைத்தால் அந்த ஆறு மாதத்தில் அடுத்த பதிப்பு, அடுத்த வாடிக்கையாளர், பழுது வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கிற ஆள் என்று எதையாவது கட்டியெழுப்ப வேண்டும். ஸைலாக் பொறியை வைத்துவிட்டுத் தூங்கவில்லை. மாஸ்டெக் போன்ற நிறுவனங்களுக்கு இசட்80-ஐச் செய்ய அதுவே உரிமம் கொடுத்தது, ஏனென்றால் ஒரே இடத்திலிருந்து மட்டும் கிடைக்கிற சிப்பைப் பெரிய வாடிக்கையாளர்கள் தொடமாட்டார்கள். என்.இ.சி.யின் நகலைச் சின்க்ளேர் தன் மலிவு விலைக் கணினிகளில் பயன்படுத்தியது. கிழக்கு ஜெர்மனியும் தன் பங்குக்கு ஒரு நகல் செய்தது. இத்தனைக்கும் பிறகு, அசல் இசட்80-இன் விற்பனையை நிறுத்துவதாக ஸைலாக் அறிவித்தது 2024-இல்.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்தே வைத்துவிடலாமா என்பது எதிர்த்திசையிலிருந்து வரும் கேள்வி. சிலர் வைத்திருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். 2005-இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோவின் போர்டு வரைபடம் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது. பெயருக்கு மட்டும் வணிகக் குறி உரிமை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலியும் திறந்த வடிவமைப்புதான். ஆனால் பொதுப்பணமோ பெரிய சமூகமோ பின்னால் இல்லாத ஒரு சிறு நிறுவனத்துக்கு இதையே அறிவுரையாகச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பொருளை நம்பிப் பிழைப்பவருக்கு ஆறு மாதத் தாமதம் என்பது சம்பளம் போடுவதற்கும் போடாததற்கும் உள்ள வேறுபாடு.

ஆகவே அதிகச் செலவில்லாத பூட்டுகளை எல்லாரும் போட வேண்டும்: பூட்டு பிட்டை எழுதுவது, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவி வைப்பது, அதை ஏற்றும் வேலையை வெளியே கொடுக்காமலிருப்பது, பெயரை வணிகக் குறியாகப் பதிவது. எபாக்சியும் எண் சுரண்டலும் பழுதுபார்ப்பவரைத்தான் தண்டிக்கின்றன. அந்தப் பணத்தை அடுத்த பதிப்பில் போடலாம். வாங்கியவரின் கருவியைக் கொல்லும் பூட்டை யாருமே வைக்கக் கூடாது. இந்தியாவில் சொந்தமாகச் சிப் வடிவமைப்பவர்கள் இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம்: சிப் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தளவமைப்பைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும், அதைத் தாண்டிவிட்டால் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.